ஒரே உழைப்பு, வேறு கூலி: வேட்பாளர்களின் இணையப் பிரசாரத்தைக் கட்சிகள் எடைபோடும் விதம்

2018 செப்டம்பரில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த மத்தியப் பிரதேசத்தில், காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைமை சீட்டு கேட்போருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முகநூல் பக்கத்துக்கு 15,000 விருப்பக்குறிகள், ட்விட்டரில் 5,000 பின்தொடர்வோர், வாக்குச்சாவடிப் பணியாளர்களைக் கொண்ட வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவை இருக்க வேண்டும் என்றும், அவற்றின் விவரங்களைக் கட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. சில நாட்களிலேயே அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் ஒருவகை நேர்மை இருந்தது. வேட்பாளர் தேர்வுக் குழுக்கள் கைப்பேசியில் புரட்டிப் பார்த்து மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கை அது காகிதத்தில் எழுதிக் காட்டியது.

இப்படி ஒரு கணக்கு இருக்குமானால் அது பெண் வேட்பாளர்களுக்குச் சாதகமாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. சுவரொட்டி ஒட்டவும் மேடை போடவும் பணமும் ஆள்பலமும் வேண்டும்; கைப்பேசியில் பேசிப் பதிவேற்ற அவ்வளவு வேண்டியதில்லை. எண்ணுக்கு ஆண் பெண் என்ற பேதமும் தெரியாது. இந்த எதிர்பார்ப்பு ஏன் அடிக்கடி பொய்த்துப்போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். பெண்கள் இணையத்தில் குறைவாக உழைக்கிறார்கள் என்பதை முதன்மைக் காரணமாகச் சொல்வது பிழை. உழைப்பு பரிசாக மாறும் விகிதத்தில்தான் கோளாறு இருக்கிறது. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது வாக்காளரைவிட அதிகமாகக் கட்சியே.

கட்சி தரும் பரிசு எது?

‘பரிசு’ என்ற சொல்லை இங்கே விரிந்த பொருளில் பயன்படுத்துகிறேன். பிரசாரத்துக்கு ஈடாகக் கட்சி ஒருவருக்குக் கொடுக்கக்கூடியவை இவை:

1. போட்டியிடும் வாய்ப்பு. இதில் சீட்டு கிடைத்ததா என்ற கேள்வியைவிட, எந்தத் தொகுதி கிடைத்தது என்ற கேள்விதான் முக்கியம். பல தேர்தல்களாகக் கட்சி தோற்றுவரும் தொகுதியில் சீட்டுக் கொடுப்பதும் ஒருவகையில் மறுப்பதே.

2. பட்டியலில் இடம். வாங்கிய வாக்குகளின் விகிதப்படி கட்சிகளுக்கு இடங்களைப் பங்கிடும் விகிதாசார முறையில் கட்சி ஒரு பெயர்ப்பட்டியலைத் தருகிறது. பத்து இடங்கள் கிடைக்கும் என்று கணிக்கப்படும் கட்சியின் பட்டியலில் எட்டாம் இடத்துக்கும் பதினெட்டாம் இடத்துக்கும் உள்ள தொலைவு, நாடாளுமன்றத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு.

3. பணமும் ஆளும். விளம்பரச் செலவு, காணொளி எடுப்பவர், கருத்துகளைக் கண்காணிக்கும் உதவியாளர் ஆகியவை இதில் அடங்கும்.

4. கட்சியின் குரல். தலைவரின் கணக்கோ கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கமோ ஒரு வேட்பாளரின் பதிவை ஒருமுறை பகிர்ந்தால், அவர் மாதக்கணக்கில் சேர்த்த பார்வைகளை அது ஒரே நாளில் தாண்டிவிடும். செலவே இல்லாத இந்தப் பரிசு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. எனவே யாரும் தணிக்கை செய்வதுமில்லை.

5. தேர்தலுக்குப் பிந்தைய பொறுப்புகள். செய்தித் தொடர்பாளர், நாடாளுமன்றக் குழு உறுப்பினர், அமைச்சர், அடுத்த தேர்தலுக்கான உத்தரவாதம் போன்றவை.

முதல் இரண்டை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, பெண் வேட்பாளர் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று கட்சிகள் அறிக்கை விடுவது வழக்கம். நான்காவதைப் பற்றி அறிக்கை ஏதும் வருவதில்லை.

யார் கையில் முடிவு?

இணையப் பிரசாரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது தேர்தல் முறையைப் பொறுத்தது. பட்டியலின் வரிசையைக் கட்சியே முடிவுசெய்து, வாக்காளர் கட்சிக்கு மட்டும் வாக்களிக்கும் முறை மூடிய பட்டியல் எனப்படும். தென்னாப்பிரிக்காவின் தேசிய நாடாளுமன்றம் இதற்கு எடுத்துக்காட்டு. வாக்காளர் குறிப்பிட்ட நபருக்கு வாக்களித்து வரிசையையே மாற்றக்கூடியது திறந்த பட்டியல். பின்லாந்தில் வாக்காளர் ஒரு வேட்பாளரின் எண்ணை எழுதித்தான் வாக்களிக்க முடியும்; கட்சிக்கென்று தனியாக வாக்கு இல்லை. ஸ்வீடன் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே தொகுதியில் கட்சிக்கு விழுந்த வாக்குகளில் 5 சதவீதத்தைத் தன் பெயருக்கு வாங்கும் வேட்பாளர் பட்டியல் வரிசையை முந்திச் செல்லலாம்.

திறந்த பட்டியலில் சொந்தச் செல்வாக்கு நேரடியாக வாக்காகிறது. கட்சியின் இரக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூடிய பட்டியலிலும், ஒரு தொகுதிக்கு ஒரு வேட்பாளர் என்ற முறையிலும், இணையத்தில் சேர்த்த செல்வாக்கு முதலில் தேர்வுக் குழுவின் மேசைக்குப் போய் அங்கே மதிப்பிடப்பட்ட பிறகுதான் வாக்காளரைச் சென்றடைகிறது. பாகுபாடு நுழைவதற்கு அந்த மேசை போதும். அதே வேளையில், இந்தப் பிரிவினையை அப்படியே ‘திறந்த முறை பெண்ணுக்கு நல்லது’ என்று படிப்பது தவறாகிவிடும். மூடிய பட்டியலில் ஆண் பெண் என மாறிமாறிப் பெயர் வைக்கும் விதியை ஒரு கட்சி ஏற்றுக்கொண்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஸ்வீடனின் சமூக ஜனநாயகக் கட்சி 1994 தேர்தலில் இதைத்தான் செய்தது. திறந்த முறையிலோ, தனிநபர் பிரசாரத்துக்கான செலவும் அதோடு வரும் வசைகளும் முழுக்க வேட்பாளரின் தலையில் விழுகின்றன.

அளவுகோலிலேயே உள்ள கோணல்

தேர்வுக் குழு பார்க்கும் எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விருப்பக்குறி, கருத்து, பகிர்வு ஆகியவற்றைக் கூட்டி ‘எங்கேஜ்மென்ட்’ என்று சொல்கிறார்கள்; தமிழில் ஈடுபாடு எனலாம். பாராட்டுவதும் ஈடுபாடு, திட்டுவதும் ஈடுபாடு. முகநூல் நிறுவனம் 2017 முதல் கோபம் உள்ளிட்ட உணர்வுக்குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்துவந்தது என்பதும், கோபக்குறியின் எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் பூச்சியமாக்கியது என்பதும் 2021இல் கசிந்த உள் ஆவணங்களின் வழியாகத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கட்சிகள் எந்த எண்ணை நம்பிச் சீட்டுக் கொடுத்தனவோ, அந்த எண்ணின் சேர்மானம் அக்கட்சிகளுக்கே தெரியாமல் இருந்தது.

பெண் அரசியலாளர்களின் பதிவுகளுக்குக் கீழே வருவது எந்த வகை ஈடுபாடு என்பதற்கு ஓரளவு திடமான தரவுகள் உண்டு. சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசியபோது, 81.8 சதவீதத்தினர் உளவியல் வன்முறைக்கு ஆளானதாகவும், 44.4 சதவீதத்தினர் கொலை, பாலியல் வன்கொடுமை, அடி, கடத்தல் ஆகிய மிரட்டல்களில் ஏதேனும் ஒன்றை எதிர்கொண்டதாகவும் சொன்னார்கள். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2019 மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் 95 இந்தியப் பெண் அரசியலாளர்களைக் குறிப்பிட்ட ட்வீட்களை ஆராய்ந்தபோது, ஏழில் ஒன்று சிக்கலானதாகவோ வசையாகவோ இருந்தது. முந்தையது சிறிய மாதிரி. பிந்தையது ஒரே தளத்தைப் பற்றியது. இருந்தும் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இது பரிசுக் கணக்கை எப்படிக் குலைக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஒரே கட்சியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாரத்துக்குப் பத்து மணி நேரம் இணையப் பிரசாரத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் குடிநீர்க் குழாய்த் திட்டம் பற்றி இரண்டு நிமிடக் காணொளி வெளியிடுகிறார்கள். இரண்டுக்கும் 700 கருத்துகள் வருகின்றன. ஆணின் பக்கத்தில் பெரும்பாலானவை திட்டத்தைப் பற்றியவை; ‘எங்கள் தெருவுக்கு எப்போது?’ என்ற கேள்விகளும் ஏச்சுகளும் கலந்து கிடக்கின்றன. பெண்ணின் பக்கத்திலோ நூறு கருத்துகள் அவருடைய உடையையும் குரலையும் பற்றியவை. இன்னும் ஐம்பது, திருமண வாழ்க்கையைப் பற்றியவை. இவற்றில் சில, காவல்துறைக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, திரைப்பிடிப்பு எடுத்து, தேதியிட்டுச் சேமித்து, புகாரளித்து, முடக்கி, அடுத்ததற்குப் போகிறார். பத்து மணி நேரத்தில் மூன்று இதிலேயே கரைந்துவிடுகிறது. தெருவுக்குக் குழாய் கேட்டவருக்குப் பதில் போகவில்லை. அவர் அந்த 150 கருத்துகளை நீக்கினால் ஈடுபாட்டு எண் 550 ஆகச் சரிகிறது. நீக்காமல் விட்டால் வாக்காளர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். தேர்வுக் குழுவுக்குப் போகும் தாளில் ஒருவருக்கு 700 என்றும் மற்றவருக்கு 550 என்றும் இருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்குத் தாளில் கட்டமே கிடையாது.

இதற்கு மேல் பணம் வேறு இருக்கிறது. ஒரு பதிவு எத்தனை பேரை எட்டுகிறது என்பதைச் சென்றடைவு என்கிறார்கள். தளங்களில் தானாகக் கிடைக்கும் சென்றடைவு ஒரு பங்கு. காசு கொடுத்து வாங்குவது இன்னொரு பங்கு. எண்ணைப் பார்ப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அரிது. பிரசார நிதி யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருடைய எண்ணும் குறைவாகத்தான் இருக்கும். பிறகு அந்தக் குறைவே நிதி மறுப்பதற்கு ஆதாரமாகிவிடும்.

ஒரே எண், இரண்டு பொருள்

அளவுகோல் நேராக இருந்தாலும், அதைப் படிக்கும் கண் நேராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்வுக் குழுக்களில் நடப்பது பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதால், இங்கே எண்களைவிடக் காரண காரியங்களைத்தான் பேச முடியும். மூன்று வழிகளில் பொருள் மாறுகிறது.

1. யாருடைய சாதனை என்ற கேள்வி. ஓர் ஆணின் பக்கம் வளர்ந்தால் ‘அவருக்கு மக்கள் செல்வாக்கு இருக்கிறது’ என்கிறார்கள். ஒரு பெண்ணின் பக்கம் வளர்ந்தால் கட்சி அலை, தோற்றம், குடும்பப் பெயர், பின்னால் இருந்து எழுதித் தருபவர் என்று நான்கு விளக்கங்கள் வரிசையில் நிற்கின்றன. ஐந்தாவதாகத்தான் அவர் திறமை வருகிறது, அதுவரை கூட்டம் நீடித்தால்.

2. தன்னை முன்னிறுத்துவதற்கான தண்டனை. இணையப் பிரசாரத்தின் அடிப்படையே ‘நான்’ என்று சொல்வது. நான் சென்றேன், நான் கேட்டேன், நான் வாங்கித் தந்தேன் என்று ஆண் எழுதினால் தலைமைப் பண்பு. பெண் எழுதினால் விளம்பர மோகம், கட்சிக் கட்டுப்பாடு இல்லாதவர் என்ற குறிப்பு விழுகிறது. ‘நாங்கள்’ என்று எழுதிப் பணிவு காட்டினால், சொந்தச் சாதனை எங்கே என்று நேர்காணலில் கேட்கிறார்கள்.

3. வேலையின் வகை. கட்சிப் பக்கத்துக்கான படம் தயாரிப்பது, கூட்டத்தை நேரலை செய்வது, வாட்ஸ்அப் குழுக்களில் மணிக்கொருமுறை பதில் சொல்வது, அவதூறுக்கு மறுப்பு எழுதுவது ஆகியவையும் இணையப் பிரசாரமே. ஆனால் இவை எவருடைய பெயரிலும் சேராத கூட்டு உழைப்பு. தன் பெயரில் பதிவிடுவது முதலீடு. கட்சியின் பெயரில் பதிவிடுவது சேவை. சேவைப் பக்கம் யார் தள்ளப்படுகிறார்கள் என்பதை அறிய ஒரு கட்சியின் இணைய அணியில் தலைப்புப் பதவிகளையும் இரவுப் பணிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

இதில் மூன்றாவதைத்தான் நான் மிகக் கனமானதாகக் கருதுகிறேன். முதலிரண்டும் மனப்பாங்கு சார்ந்தவை. ஆளுக்கு ஆள் மாறும், தலைமுறைக்குத் தலைமுறை தளரும். மூன்றாவது வேலைப் பங்கீடு. அதில் ஆள் மாறினாலும் இருக்கை மாறுவதில்லை.

‘வெல்பவருக்குத்தானே சீட்டு?’

கட்சிகள் சொல்லும் மறுமொழி எளிமையானது: எங்களுக்கு வெற்றி வேண்டும், வெல்லக்கூடியவரைத் தேர்ந்தெடுக்கிறோம், பாலினம் பார்ப்பதில்லை. இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. தேர்தலில் ஒரு கட்சி வெற்றியை நாடுவது நியாயமே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘வெல்லும் வாய்ப்பு’ என்பது முன்பே இருக்கும் இயற்கைப் பொருள் இல்லை. நல்ல தொகுதி, பணம், தலைவரின் ஒரு பகிர்வு ஆகியவை சேர்ந்துதான் அந்த வாய்ப்பு உருவாகிறது. அவற்றை ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தபின் இருவரின் முடிவுகளை ஒப்பிடுவது, ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுவது போன்றது.

விளைவு சுற்றிச்சுற்றி வருகிறது. பரிசு குறையும்போது அடுத்த சுற்றுக்கான உழைப்பும் குறைகிறது. வசையைத் தாங்கிக்கொண்டு பத்து மணி நேரம் செலவழித்தும் பட்டியலில் பதினெட்டாம் இடமே கிடைக்கும் என்று தெரிந்தவர் கணக்கை மூடுவதோ, பாதுகாப்பான வாழ்த்துச் செய்திகளோடு நிறுத்திக்கொள்வதோ புத்திசாலித்தனமான முடிவுதான். அதன்பின் ‘பெண்கள் இணையத்தில் முனைப்பாக இல்லை’ என்று குறிப்பெழுதி, அவர்களுக்குச் சமூக ஊடகப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். முகாம்களில் தவறில்லை. ஆனால் கூலி குறைவாக இருக்கும் இடத்தில் வேலை கற்றுக்கொடுப்பதால் கூலி உயர்வதில்லை.

உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு 1995இல் 11.3 சதவீதமாக இருந்து 2025 தொடக்கத்தில் 27.2 சதவீதமாகியிருக்கிறது. இந்த உயர்வில் பெரும்பங்கு இடஒதுக்கீட்டு விதிகளுடையது. சமூக ஊடகங்கள் பரவியதால் இந்தத் தடை தானாக உடைந்துவிட்டது என்று சொல்வதற்கு அந்த வளைகோட்டில் இடமில்லை.

பரிசு விதியை மாற்றிய நாடுகள்

வேட்பாளரைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கட்சியின் பரிசு விதியைத் திருத்த முயன்ற நாடுகள் உண்டு. அவற்றின் அனுபவம் ஒரே மாதிரியானதாக இல்லை.

பிரான்ஸ் 2000இல் சமநிலைச் சட்டம் கொண்டுவந்தது. ஆண், பெண் வேட்பாளர் எண்ணிக்கையில் இடைவெளி வைக்கும் கட்சிக்கு அரசு நிதியில் வெட்டு விழும். பெரிய கட்சிகள் வெட்டை ஏற்றுக்கொண்டு பெரும்பாலும் ஆண்களையே நிறுத்தின. 2002 தேர்தலில் தேசிய அவையில் பெண்கள் 12.3 சதவீதமே. வெட்டின் அளவைக் கூட்டும் திருத்தங்கள் அதன்பின் வந்தன. 2017இல் பங்கு 38.8 சதவீதமானது. தண்டனை வலிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது. ஆனால் சட்டம் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. வெல்ல முடியாத தொகுதியில் நிறுத்தினாலும் கணக்கில் சேரும்.

பிரேசிலின் பாதை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பட்டியல் திறந்தது. வேட்பாளர் தனக்காகத் தானே பிரசாரம் செய்தாக வேண்டும். வேட்பாளர்களில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் என்ற விதி இருந்தும், பெயருக்கு நிறுத்தப்பட்டுப் பிரசாரமே செய்யாத ‘ஆரஞ்சு’ வேட்பாளர்கள் என்ற ஏமாற்று வளர்ந்தது. 2018இல் நீதிமன்றங்கள் தலையிட்டு, அரசுப் பிரசார நிதியிலும் 30 சதவீதம் பெண்களுக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தன. பிறகு 2021இன் அரசியலமைப்புத் திருத்தம் இன்னொரு படி போனது: 2022 முதல் 2030 வரை நடக்கும் தேர்தல்களில், கீழவைக்குப் போட்டியிடும் பெண்களுக்கும் கறுப்பின வேட்பாளர்களுக்கும் விழும் வாக்குகள், கட்சிகளுக்கு அரசு நிதியைப் பங்கிடும் கணக்கில் இரட்டிப்பாக எண்ணப்படும். எண்ணிக்கைக்காக நிறுத்திவைத்த வேட்பாளரால் இதில் கட்சிக்குப் பைசா லாபமில்லை. அவர் வாக்கு வாங்கினால்தான் பணம். 2018இல் 513 இடங்களில் 77ஆக இருந்த பெண்கள் 2022இல் 91 ஆனார்கள். உயர்வு சிறியதுதான். ஆனால் பெண் வேட்பாளரின் பிரசாரத்தில் கட்சிக்கே ஆதாயம் இருக்கும்படி விதி எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இந்த இரண்டு நாடுகளிலும் மேலே சொன்ன விதிகள் சீட்டையும் பணத்தையும்தான் தொடுகின்றன. பரிசுகளில் நான்காவதாகச் சொன்ன கட்சியின் குரலை இவற்றில் எதுவும் தொடவில்லை. சட்டத்தால் தொடுவதும் கடினம். கட்சிகளே செய்யக்கூடியவை சில உண்டு. தேர்வுக்கான அளவுகோலை முன்கூட்டியே எழுத்தில் வைப்பது, ஈடுபாட்டு எண்ணில் வசைகளையும் விலைக்கு வாங்கிய பார்வைகளையும் கழித்துப் பார்ப்பது, கருத்துக் கண்காணிப்பை வேட்பாளரின் தலையிலிருந்து இறக்கிக் கட்சிச் செலவில் வைப்பது, கட்சிப் பக்கம் எந்த வேட்பாளரை எத்தனை முறை பகிர்ந்தது என்ற பட்டியலை மாதந்தோறும் உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு அட்டவணைத்தாளும் ஒருவரின் ஒரு மணி நேரமும் போதும். அதனால்தான் அது நடக்காமலிருப்பதற்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது.

இந்த நான்காம் பரிசின் எடை இப்போது கூடிக்கொண்டிருக்கிறது. அரசியல் விளம்பரங்களின் வெளிப்படைத்தன்மை குறித்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை 2025 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, முகநூலின் உரிமையாளரான மெட்டாவும் கூகுளும் ஒன்றிய நாடுகளில் அரசியல் விளம்பரங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டன. கைக்காசைப் போட்டோ நன்கொடை திரட்டியோ சென்றடைவை வாங்கிக் கட்சியின் அலட்சியத்தை ஈடுகட்டும் வழி, அங்குள்ள வேட்பாளர்களுக்கு அந்தத் தளங்களில் அடைபட்டுவிட்டது. மிஞ்சியிருப்பவை தானாகப் பரவும் பதிவும், லட்சக்கணக்கில் பின்தொடர்வோர் உள்ள கட்சியின் பக்கமும். அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, காலையில் எந்த வேட்பாளரின் காணொளியைப் பகிர்வது என்று அங்கே முடிவுசெய்பவர் யார் என்ற கேள்விகள் இனிமேல் பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற கேள்விக்கு நிகரானவை.